செய்யாமையால் வரும் கேடு

கனடா தேசத்தின் நடுவே, மனிடோபா மாகாணத்தின் தலைநகரான வினிபெக்கில், ஜனவரி மாதத்து விடியற்காலையில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகையைக் காட்டிக்கொண்டிருக்கையில், இரவு முழுவதும் வெட்டவெளியில் உறைந்து நின்ற மோட்டார் வண்டியொன்று சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் உறுமி எழுந்து ஓடத் தொடங்குமானால், அதை ஒருவரும் அற்புதமென்று கொண்டாடுவதில்லை. வண்டிக்குச் சொந்தக்காரரே, வேலைக்கு நேரமாகிறதே என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லாமல் ஏறி அமர்ந்து போய்விடுகிறார். ஆனால் அந்த வண்டி அவ்வாறு எழுந்ததற்குப் பின்னால், இலையுதிர் காலத்திலேயே பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் குளிருக்கேற்ற புதிய எண்ணெயை ஊற்றியது, பாட்டரியைச் சோதித்தது, ரேடியேட்டர் நீரில் உறையாத் திரவம் போதிய அளவு கலந்திருக்கிறதா என்று பார்த்தது முதலிய பல சிறு கிருத்தியங்கள் எவர் கண்ணிலும் படாமல் நிறைவேறியிருக்கின்றன. அவற்றின் பலனாகக் கிடைத்தது என்னவென்று கேட்டால், ஒரு தீங்கும் நேரவில்லை என்பதைத் தவிர வேறு விடை சொல்ல இயலாது. ஒன்றும் நேராமல் இருப்பது ஒரு பலனா? அப்படிப்பட்ட பலனை முன்னிட்டு மனிதன் ஒரு கடமைக்குக் கட்டுண்டவன் ஆவானா? அந்தக் கடமையை அவன் விட்டுவிட்டால், விட்டது என்கிற அந்த இன்மையே அவனுக்குத் தீமையைக் கொண்டுவந்து சேர்க்குமா? மோட்டார் வண்டி உலகில் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாரத தேசத்தின் மீமாம்சகர்களும் வேதாந்திகளும் இந்தக் கேள்விகளை வேள்விச்சாலையின் சூழலில் வைத்து மிக நுணுக்கமாக விசாரித்திருக்கிறார்கள். அந்த விசாரத்தை எஞ்சின் எண்ணெயை முன்னிறுத்தி மறுபடியும் எண்ணிப் பார்ப்பது வீண் முயற்சி ஆகாது என்பது என் துணிபு.

வேதம் விதிக்கும் கர்மங்களைப் பூர்வ மீமாம்சை மூன்றாக வகுக்கிறது. மழை வேண்டிச் செய்யும் காரீரி இஷ்டி, மகப்பேறு வேண்டிச் செய்யும் புத்திரகாமேஷ்டி போன்றவை காமியம். வேண்டுகிறவன் செய்வான், வேண்டாதவன் விட்டுவிடலாம். கிரகண காலத்தில் நீராடுவது, குழந்தை பிறந்தவுடன் ஜாதகர்மம் செய்வது போன்றவை, ஒரு நிமித்தம் நேரும்போது மாத்திரம் செய்ய வேண்டுவனவாதலால் நைமித்திகம். சந்தியாவந்தனம், அக்கினிஹோத்திரம் போல உடலில் உயிர் உள்ளவரை நாள்தோறும் செய்யத் தக்கவை நித்தியம். காமிய கர்மத்துக்குப் பலன் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நித்திய கர்மத்துக்கோ, அதைச் செய்தால் செல்வம் வரும் என்றோ சுவர்க்கம் கிட்டும் என்றோ சொல்லாமல், செய்யாவிட்டால் பிரத்தியவாயம் என்னும் தீங்கு வந்து பற்றும் என்ற எச்சரிக்கையே பெரிதும் சொல்லப்படுகிறது. திருவள்ளுவரும் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில், தகாத காரியத்தைச் செய்கிறவனோடு, தக்க காரியத்தைச் செய்யாது விடுகிறவனையும் சேர்த்து, இருவரும் கெடுவார்கள் என்று ஒரே தராசில் நிறுத்தியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஆசாரியர்களிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. மீமாம்சகர்களில் பிரபாகரரின் வழியினர், விதி விதித்திருக்கிறது என்பது ஒன்றே நித்திய கர்மத்தைச் செய்வதற்குப் போதுமான காரணம் என்றும், அதற்குப் பலன் தேடுவது அந்தக் கடமையின் கௌரவத்தைக் குறைப்பதாகும் என்றும் கொண்டார்கள். குமாரில பட்டரின் வழியினர், பயனில்லாத காரியத்தில் அறிவுடையவன் ஈடுபட மாட்டானாதலால் நித்திய கர்மத்துக்கும் ஒரு பயன் இருந்தே தீரவேண்டும் என்றும், ஏற்கெனவே ஈட்டிச் சேர்த்த தீவினையைத் தேய்ப்பதே அந்தப் பயன் என்றும் சொன்னார்கள். ஆதிசங்கரர் தம் கீதை பாஷ்யத்திலும் தைத்திரீய உபநிஷத்து பாஷ்யத்தின் முகப்பிலும் இவற்றைவிட ஆழமான ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார். செய்யாமை என்பது ஓர் இன்மை. தீங்கு என்பது உள்ள பொருள். இல்லாததிலிருந்து உள்ளது எவ்வாறு பிறக்கும்? சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகனிடம் கேட்ட கேள்வியை இங்கே நினைவூட்டிய சங்கரர், செய்யாமை தீங்கைப் பிறப்பிக்கிறது என்ற கூற்றை மறுத்துவிட்டு, முன்னரே திரண்டு கிடக்கும் தீவினைகளிலிருந்து வரப்போகும் துன்பத்துக்குச் செய்யாமை ஓர் அடையாளமாக நிற்கிறது என்று மாத்திரம் ஒப்புக்கொண்டார்.

நூலறிவு மிகுந்தவர்களுக்கும் இந்த விடை முதலில் சொல் சாதுரியம் போலத் தோன்றுவதுண்டு. துன்பம் வரப்போகிறது என்பதற்கு அடையாளமாவது, அதைப் பிறப்பிப்பது என்ற இரண்டுக்கும் நடைமுறையில் என்ன வேற்றுமை என்று கேட்கத் தோன்றும். வேற்றுமை மிகப் பெரிது என்பதைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் தக்க விதத்தில் விளக்குவதற்கு, எஞ்சினுக்குள் சுழலும் எண்ணெயைப் போன்ற திருஷ்டாந்தம் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. கர்மத்தின் இயல்பை ஓர் இயந்திரத்தைக் கொண்டு நிரூபிக்கலாம் என்பது என் வாதமன்று. பிரமாணத்தின் ஸ்தானம் வேறு, திருஷ்டாந்தத்தின் ஸ்தானம் வேறு. ஆயினும் மனித புத்தி ஸ்தூலத்தைப் பற்றிக்கொண்டுதான் சூட்சுமத்துக்கு ஏறுகிறது.

ஆகவே எண்ணெய் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஓடுகிற எஞ்சினில் கிராங்க் தண்டு நிமிஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் முறை சுழல்கிறது. அதன் இரும்பும் அதைத் தாங்கும் பேரிங்கின் உலோகமும் நேராகத் தீண்டிக்கொள்ளுமானால் சில நிமிஷங்களுக்குள் இரண்டும் சூடேறி ஒன்றோடொன்று இறுகிப் பற்றிக்கொள்ளும். அவற்றைப் பிரித்து வைப்பது, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள எண்ணெய்ப் படலம். இவ்வளவு மெல்லிய படலம் அத்தனை பாரத்தை எப்படித் தாங்குகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், ரயில் வண்டியின் அச்சுப் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டார். உள்ளே இறங்கவேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலெழும்பி வழிந்தது. அவர் கார்க்கை வைத்து அடைத்தார், அது தூக்கி எறியப்பட்டது. மரத்தக்கையை வைத்து அடைத்தார், அதுவும் வெளியே தள்ளப்பட்டது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான், சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று குறுகலான இடைவெளியில் புகுத்துவதால் அங்கே பெரும் அழுத்தம் உண்டாகிறது என்பதும், தண்டு அந்த அழுத்தத்தின்மேல் மிதக்கிறது என்பதும் தெரியவந்தன. மான்செஸ்டர் நகரத்துப் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1886-ஆம் ஆண்டில் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். பாரத்தைத் தாங்கும் வல்லமையை எண்ணெய்க்குத் தருவது தண்டின் சுழற்சியே. சுழற்சி நின்றவுடன் தண்டு மெல்லக் கீழிறங்கி உலோகத்தின்மேல் படிகிறது. மறுபடி எஞ்சினைக் கிளப்பும் முதற்கணங்களில், படலம் உருவாகும்வரை, உலோகமும் உலோகமும் உரசத்தான் செய்யும். அந்த இடைவேளைக்குக் காப்பாகவே துத்தநாகமும் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை 1940-களிலிருந்து எண்ணெயில் சேர்த்து வருகிறார்கள். அது உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற மிக மெல்லிய பூச்சாகப் படிந்து, உலோகம் தேயவேண்டிய இடத்தில் தான் தேய்ந்து அழிகிறது.

இனி அந்த எண்ணெய் எவ்வாறு கெடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம்முடைய விசாரத்தின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று கேட்கும்போது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு கூடினால் பிறப்பது நீரே. அதில் பெரும்பகுதி ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. எஞ்சிய சிறு பகுதி, எரிந்தும் எரியாமலும் நின்ற பெட்ரோலோடும் கரித்துகளோடும் அமிலத்தன்மை கொண்ட வாயுக்களோடும் சேர்ந்து, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாகக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் நழுவுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடுமானால் நீரும் பெட்ரோலும் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். குளிர்காலத்தில், வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்குமாகச் சில நிமிஷங்களே ஓடி நின்றுவிடும் வண்டியில் அவை வெளியேற வழியில்லாமல் எண்ணெயிலேயே தங்குகின்றன. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடிப்புறத்தில் வெண்மையும் பழுப்புமாகக் குழம்பு போன்ற பசை படிந்திருப்பதைக் குளிர்நாடுகளில் பலர் கண்டிருப்பார்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டி நீடித்து உழைக்கும் என்று நாம் எண்ணுகிறோம். வண்டி உற்பத்தியாளர்களோ உறைகுளிரில் சிறு தூரங்களே ஓடுவதைக் கடினமான உபயோகம் என்று வகைப்படுத்தி, அத்தகைய வண்டிக்கு எண்ணெயை விரைவிலேயே மாற்றவேண்டும் என்று தங்கள் கையேடுகளில் எழுதுகிறார்கள்.

எண்ணெயும் இவற்றையெல்லாம் வாளாவிருந்து ஏற்பதில்லை. கால்சியம், மக்னீசியம் இவற்றின் உப்புகளாக அதில் சேர்க்கப்பட்டுள்ள காரப் பொருள்கள் அமிலத்தைச் சமன் செய்கின்றன. அழுக்கை விலக்கும் வேறு பொருள்கள் கரித்துகள்களை ஒன்றோடொன்று சேரவிடாமல் தனித்தனியே பிரித்துத் தாங்கிக்கொள்கின்றன. சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் எண்ணெய் கறுத்துவிட்டது என்று சிலர் குறை சொல்வார்கள். அது கறுப்பது பெரும்பாலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதன் லட்சணம். எஞ்சினின் சுவர்களில் படிந்திருக்கவேண்டிய கரியை அது தன்னிடத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தத் தாங்கும் சக்திக்கு எல்லை உண்டு. காரம் தீர்ந்துபோகும், பூச்சாகப் படியும் பொருள் செலவழியும், வடிகட்டி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அமிலம் பேரிங்கின் உலோகத்தை அரிக்கத் தொடங்குகிறது. கரி திரண்டு சகதியாகி எண்ணெய் செல்லும் நுண்ணிய வழிகளை அடைக்கிறது.

இப்பொழுது சங்கரருடைய கேள்வியை இங்கே வைத்துப் பார்க்கலாம். எண்ணெயை மாற்றாத ஒருவனுடைய எஞ்சின் கெட்டது என்றால் அதைக் கெடுத்தது எது? மாற்றாமை என்ற ஒரு பொருள் எஞ்சினுக்குள் புகுந்து பேரிங்கை அரிக்கவில்லை. அரித்தது அமிலம், அடைத்தது சகதி, உரசியது உலோகம். இவை யாவும் உள்ள பொருள்கள், வண்டியை ஓட்டியதனாலேயே சேர்ந்தவை. எண்ணெய் மாற்றுவது என்ற கிருத்தியம், ஓட்டத்தில் சேர்ந்த அந்தக் கசடை அவ்வப்போது அகற்றிவந்தது. அதை நிறுத்தியவுடன் புதிதாக எதுவும் உண்டாகவில்லை. உண்டாகிக்கொண்டே இருந்த ஒன்று தடையின்றி வளர்ந்தது. ஆகவே, செய்யாமை தீங்குக்குத் தாய் ஆகாது, அடையாளமே ஆகும் என்று சங்கரர் சொன்னது நுட்பமான உண்மை. அதே மூச்சில், நித்திய கர்மத்துக்குப் பலனுண்டு, அது சேர்ந்துவரும் தீவினையைக் கழிப்பதே என்று குமாரிலருடைய மரபு சொன்னதும் உண்மையாகிவிடுகிறது. எதிரெதிராக நின்று வாதித்த இரண்டு தரிசனங்கள் இந்த ஓரிடத்தில் ஒரே பொருளை இரு பக்கங்களிலிருந்து சுட்டுவதாக எனக்குப் படுகிறது. நாள்தோறும் நம்மைத் தூய்மை செய்துகொள்ளும்படி சாஸ்திரம் கேட்பதற்குக் காரணம், நாம் நேற்று ஒரு குற்றம் செய்தோம் என்பதல்ல. உண்பதும் பேசுவதும் பொருள் ஈட்டுவதும் பிறரோடு கலந்து பழகுவதுமாகிய குற்றமற்ற வாழ்க்கையே, ஓடுகிறது என்ற காரணத்தினாலேயே, சிறிது சிறிதாகக் கசட்டை உண்டாக்குகிறது. நான் ஒரு தவறும் செய்யவில்லையே, எனக்கேன் பிரார்த்தனையும் தியானமும் என்று கேட்கும் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லத் தக்க விடை இதுவென்று நினைக்கிறேன்.

இதைக் கேட்டவுடன், கசடு இருக்கிறது என்று அறிந்தால் போதாதா, ஞானம் வந்தவனுக்குக் கிரியை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டிருக்கிறது. ஆணவ மலம் என்பது வெறும் அறியாமை ஆகாது, அது ஒரு திரவியம், செம்பில் களிம்புபோல் உயிரைப் பற்றியிருக்கும் உள்பொருள் என்பது சைவ ஆசாரியர்களின் கொள்கை. கண்ணில் புரை படர்ந்தவன் அது புரை என்று அறிந்துகொண்ட மாத்திரத்தில் பார்வை பெறுவதில்லை. வைத்தியன் கை வைத்து அதை நீக்கவேண்டும். அதுபோலவே மலம் நீங்க இறைவனின் கிரியையாகிய தீட்சை வேண்டும் என்று அவர்கள் வாதித்தார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு மறுப்பே கிடையாது. எண்ணெய் தேய்ந்துவிட்டது என்பதை அளவுக்கம்பியைத் துடைத்துப் பார்த்தும், ஆய்வுச்சாலைக்கு ஒரு குப்பி அனுப்பி உலோகத் துகள்களை எண்ணியும் எவ்வளவு துல்லியமாக அறிந்துகொண்டாலும், அறிந்தவன் எழுந்து சென்று அடியிலுள்ள திருகைக் கழற்றி வடிக்கும்வரை ஒரு துளி கசடும் குறைவதில்லை. சித்தாந்திகளுக்கு உவப்பான வேறொரு செய்தியும் இதில் இருக்கிறது. கெட்டுப்போயிற்று என்று நாம் வடித்துவிடும் எண்ணெயின் அடிப்படைப் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை. அதைச் சேகரித்து நீரையும் கரியையும் பிரித்து மறுபடி வடித்தெடுத்தால் அது தன் இயல்பான நிலையை அடைகிறது. எண்ணெயைப் பற்றிய அழுக்குக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆணவமோ அநாதி என்பது சித்தாந்தம். இந்த வேற்றுமையை மறக்காமல் இருந்தால், பற்றிய பொருள் வேறு, பற்றப்பட்ட பொருளின் சொரூபம் வேறு என்ற தத்துவம் இங்கே தெளிவாகவே விளங்கும்.

ஓட்டத்தினால் கசடு சேர்கிறதென்றால் ஓட்டாமல் நிறுத்திவிடலாமே என்பது அடுத்த ஆட்சேபம். துறவு மார்க்கத்தை மேலோட்டமாகப் புரிந்துகொண்டவர்கள் இதையே பெரிய வாதமாகச் சொல்வார்கள். குளிர்நாடுகளில் பிரியமான பழைய கார்களை நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொட்டகையில் நிறுத்தி வைப்பவர்கள் பலர். அவர்களில் விஷயம் அறிந்தவர்கள், வண்டியை நிறுத்துவதற்கு முன்னால்தான் எண்ணெயை மாற்றுகிறார்கள். பழைய எண்ணெயில் தங்கிய ஈரமும் அமிலமும் எஞ்சின் அசையாமல் கிடக்கும் மாதங்களிலும் உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டரி சும்மா இருக்கையிலேயே தன் மின்சாரத்தை இழக்கிறது. இழந்த பாட்டரியின் திரவம் முழுமையாகச் சார்ஜ் ஏறிய பாட்டரியின் திரவத்தைவிட வெகு சீக்கிரம் உறைந்து அதன் உடலைப் பிளக்கிறது. வாரம் ஒருமுறை எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினால் நல்லது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் கேடு, ஏனெனில் அந்த ஐந்து நிமிஷத்தில் உள்ளே நீர் உண்டாகிறது, ஆவியாகும் அளவுக்குச் சூடு உண்டாவதில்லை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான், எவனும் ஒரு கணமேனும் செயலற்று இருக்க முடியாது, பிரகிருதியின் குணங்கள் அவனைச் செயலில் ஏவிக்கொண்டே இருக்கின்றன என்று அர்ச்சுனனுக்கு உணர்த்துகிறான். சங்கரர் கர்மத்தைத் துறக்கச் சொன்னது, நான் செய்கிறேன் என்ற எண்ணமே அற்றுப்போன ஞானிக்கு; உடலும் உடைமையும் தன்னவை என்ற நினைவோடு திண்ணையில் சாய்ந்திருப்பவனுக்கு அன்று. அந்த அதிகார பேதத்தை மறந்து, அலுப்பை வைராக்கியம் என்று அழைத்துக்கொள்வது நம்மிடையே வெகுநாளாக இருந்துவரும் குறை, அதைக் கடிந்து சொல்லாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை.

நித்திய கர்மத்தைப் பற்றிப் பேசும்போது அதைச் செய்கிறவனின் நிலையையும் எண்ணவேண்டியிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில், கென்டக்கி மாநிலத்து அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பெற்றோருக்குப் பிறந்த எலைஜா மக்காய் என்பவர், ஸ்காட்லாந்து சென்று இயந்திரவியலில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அவருக்குப் பொறியாளர் வேலை கொடுக்கப்படவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் நிலக்கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் விடுவதுமான வேலையே கிடைத்தது. அக்காலத்தில் ரயில் எஞ்சினை அடிக்கடி நிறுத்தி, ஓர் ஆள் இறங்கிச் சுற்றிவந்து, உரசும் ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணெய் விடவேண்டியிருந்தது. பிறர் இழிவென்று கருதி ஒதுக்கிய அந்த வேலையை அவர் தம் அறிவின் முழு வெளிச்சத்தில் வைத்து நோக்கினார்; எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீராவியின் அழுத்தத்தால் தானாக எண்ணெய் சொட்டும் கருவி ஒன்றை அமைத்து 1872-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் பின்னும் ஐம்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாயின. அவற்றில் பெரும்பாலானவை எண்ணெய் விடும் முறைகளைப் பற்றியவையே. எண்ணெய் விடுவதை விட்டு மேலான தொழிலுக்குத் தாவும் வாய்ப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. அந்தத் தொழிலையே மேலானதாக்கினார். சுவகர்மத்தில் சிரத்தை என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணத்தை நம் நாட்டு நூல்களிலும் நான் எளிதில் காட்டமுடியாது.

குளிர்காலத்துக்கான ஆயத்தம் நைமித்திகத்தைச் சேர்ந்தது. ஆனால் இங்கே நிமித்தம் வந்த பிறகு ஆயத்தம் செய்வதில் பொருளில்லை என்பதால் இதற்குக் காலமறியும் விவேகம் அவசியம். எண்ணெய்க் குப்பியின்மேல் 5டபிள்யூ-30 என்றோ 0டபிள்யூ-20 என்றோ அச்சிட்டிருப்பதில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே 25 பாகையிலும், 5டபிள்யூ 30 பாகையிலும், 0டபிள்யூ 35 பாகையிலும் எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு இளகியிருக்கவேண்டும் என்பது விதி. அவற்றைக் கடந்த குளிரில் எண்ணெய் கெட்டித்துப் பம்பால் இழுக்கப்படாமல் நின்றுவிட்டால், எஞ்சின் ஓடினாலும் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேராது. வினிபெக், சாஸ்கட்டூன், எட்மன்டன் போன்ற நகரங்களில் வண்டி நிறுத்துமிடங்களில் மின்சார முளைகள் நட்டிருப்பதும், கார்களின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்குவதும், எஞ்சினை இரவிலோ கிளம்புவதற்குச் சில மணிநேரம் முன்போ இதமாகச் சூடாக்கி வைப்பதற்கே. குளிர்விக்கும் நீரைப் பற்றி ஒரு விசித்திரமான செய்தி உண்டு. உறையாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 13 பாகையிலேயே உறைந்துவிடும். அதனோடு சம அளவு நீர் கலந்தால் 37 பாகை வரை உறையாது. தூய பொருளே சிறந்தது என்று எண்ணி முழுக்க முழுக்க அதையே ஊற்றுகிறவர் தமக்குத் தாமே தீங்கு தேடுகிறார். பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையில் பாட்டரியின் சக்தி ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிடுகிறது. அதே நேரத்தில் கெட்டித்த எண்ணெயை எதிர்த்து எஞ்சினைச் சுழற்ற முன்னைவிட அதிக சக்தி தேவைப்படுகிறது. வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானத்தை இழப்பதால், கியூபெக் மாகாணம் டிசம்பர் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை குளிர்கால டயரைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கியிருக்கிறது.

நைமித்திகத்தை அலட்சியம் செய்ததன் விளைவை ஒரு பெருஞ்சேனையின் வாழ்விலேயே சரித்திரம் காட்டியிருக்கிறது. 1941-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி ருஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மானியப் படை, குளிர் தொடங்குமுன் போர் முடிந்துவிடும் என்ற அகந்தையினால் குளிருக்கேற்ற எண்ணெயையும் உடையையும் போதிய அளவு கொண்டுசெல்லவில்லை. டிசம்பரில் மாஸ்கோவின் வாசலில் எண்ணெய் பசையாக இறுகி, டாங்கிகளின் அடியில் நெருப்பு மூட்டி எஞ்சின்களைக் கிளப்பவேண்டிய நிலை வந்தது. அந்தப் படை தோற்றது பெரும் நன்மை. தோல்விக்குக் காரணங்களும் பல. ஆனால் குளிர்காலம் அங்கே ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருவது. தான் விரும்புவதைக் காலம் அனுசரிக்கும் என்று நினைத்தவர்களையே அது எதிர்பாராத விதமாகத் தாக்கியது.

ஆகையால் நித்திய கர்மத்தைப் பலன் கருதிச் செய்வதா, கடமை என்று செய்வதா என்ற பழைய கேள்விக்கு என் விடை இது. பலன் உண்டு என்பதில் குமாரிலர் பக்கமே நான் நிற்கிறேன். செய்யும் மனநிலையில் பிரபாகரரைப் பின்பற்றுவதே உசிதம். பலனையே நோக்கிச் செய்கிறவன், பல ஆண்டுகள் ஒரு தீங்கும் நேராதிருப்பதைக் கண்டு, இந்தக் கிருத்தியம் அநாவசியம் என்று ஒருநாள் விட்டுவிடுவான். தீங்கு நேராமைக்குக் காரணமே அந்தக் கிருத்தியம்தான் என்பது, விட்ட பிறகும் உடனே அவனுக்குத் தெரிவதில்லை. கசடு நிறைவதற்குக் கால அவகாசம் பிடிக்கிறது. அந்த அவகாசமே அவனை ஏமாற்றிவிடுகிறது. கடமை என்று கொண்டவனுக்கு இந்த ஆபத்து இல்லை.

1983-ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்து டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழர்கள், பனியையே அறியாத மண்ணில் பிறந்து, பனியில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் வாழ்வை ஏற்றுக்கொண்டவர்கள். நவராத்திரி முடிவில் அவர்கள் ஆயுத பூஜை செய்து, வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்துகிறார்கள். அந்தத் திருநாள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, அதாவது குளிர் இறங்குவதற்குச் சரியாக முந்திய வாரங்களில் வருவதை நான் ஒரு பாக்கியமாகவே கருதுகிறேன். கருவியை வணங்கும் நாள், அந்தக் கருவியின் தேவையை விசாரிக்கவும் உரிய நாள். அவர்களையும், குளிர்நாடுகளில் வாழும் மற்றத் தமிழர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். குங்குமம் இட்ட பிறகு பானெட்டைத் திறவுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் சற்று ஆறிய பின் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். மாற்றும் காலம் வந்திருந்தால் கையேடு சொல்லும் எண்ணெயைக் குளிருக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிள்ளைகளையும் அருகில் அழைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.